கடற்பணியும் கல்லூரித் தேர்வும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருக்கிறது நம் பெங்களூர். கிழக்கே சென்னைக் கடலுக்கும் மேற்கே மங்களூர்க் கடலுக்கும் செல்லும் தொலைவு ஏறக்குறைய ஒன்றே. எப்பக்கம் சென்றாலும் 350 கிலோமீட்டர் அளவில் பயணம் செய்தாக வேண்டும். அல்சூர் ஏரியில் படகேறியதே நீர்வழிப் பயணம் என்றிருக்கும் பிள்ளைகள் நம் இல்லங்களில் பலர். இத்தகைய ஊரில், தமிழ்ச் சங்கத்து மேடையில் நின்று, கப்பற் கல்லூரியைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் வியக்கக் கூடும். இலக்கியச் சுவை நாடி வந்த அன்பர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். அவர்களுக்கு விருந்தளிக்கும் புலவர் நமக்குப் பின் பேச இருக்கிறார்.

இப்பொருளை நாம் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஆண்டுதோறும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவுகள் வெளிவந்த சில நாட்களில், ஸ்ரீராமபுரத்திலிருந்தும் சிவாஜி நகரிலிருந்தும் தங்கவயலிலிருந்தும் பெற்றோர் நம்மைத் தேடி வருகின்றனர். அவர்கள் கையில் வண்ணம் தீட்டிய விளம்பரத் தாள் ஒன்று இருக்கும். தூய வெள்ளுடை, தோளில் பொற்கோடு, பின்னே நீலக் கடல், அதன்மேல் மலைபோன்ற கப்பல். ‘ஐயா, பையன் கப்பலுக்குத்தான் போவேன் என்கிறான். இந்தக் கல்லூரி நல்ல கல்லூரியா?’ என்பது அவர்கள் கேள்வி. அக்கேள்விக்குப் பின்னால் இருப்பது சிறு தொகையன்று. 2016ஆம் ஆண்டில் எச்.எம்.டி. கடிகாரத் தொழிற்சாலை மூடப்பட்டபோது கைக்கு வந்த பணமாக இருக்கலாம். 2001ஆம் ஆண்டில் கோலார்த் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பின் பாட்டனார் மிச்சம் வைத்த சிறு வீடாக இருக்கலாம். அன்னையின் கழுத்து நகையாக இருக்கலாம். தங்கவயலில் நம் முன்னோர் 3,000 மீட்டருக்கும் கீழே பூமிக்குள் இறங்கி உழைத்தனர். அவர்தம் பேரப்பிள்ளைகள் கடல்மேல் செல்ல விரும்புவதை நாம் வரவேற்கிறோம். ஆனால் அப்பணம் வழிதவறிப் போய்விடக் கூடாது அன்றோ?

ஆகவே ஒன்றை முதலிலேயே சொல்லி விடுகிறோம். கல்லூரியைத் தேடுவதற்கு முன் கப்பலைத் தேடுங்கள். இதன் பொருள் என்ன என்பதைச் சிறிது விரித்துரைக்க வேண்டும்.

பண்டைத் தமிழர் கடலோடியவர் என்று மேடைதோறும் முழங்குகிறோம். கலம், நாவாய், வங்கம், திமில் என்று கப்பலுக்கும் படகிற்கும் எத்தனை பெயர்கள் நம் மொழியில்! கட்டுமரம் என்ற சொல்லை ஆங்கிலேயரே நம்மிடம் கடன் வாங்கிக்கொண்டனர். இவை யாவும் பெருமைக்குரியனவே. ஆயினும், பழம்பெருமை எந்த இளைஞனுக்கும் தகுதிச் சான்றிதழ் வாங்கித் தருவதில்லை. அண்மைக் காலத்தில் நம்மவர் இத்துறையில் எத்தகைய தடையை எதிர்கொண்டனர் என்பதை அறிவதே இன்று பயன் தரும்.

1906ஆம் ஆண்டில் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. 1908ஆம் ஆண்டில் அவர் சிறைப்பட்டார், கம்பெனி நலிந்தது. கப்பலை விலைக்கு வாங்க இந்தியனால் முடிந்தது. ஆனால் அக்கப்பலை அதிகாரியாக நின்று செலுத்தும் கல்வியை இந்நாட்டில் பெற அன்று அவனுக்கு இடமில்லை. ஆங்கிலேயர் கலங்களில் நம் நாட்டார் ஆயிரக்கணக்கில் உழைத்தனர். ஆனால் லஸ்கர் என்ற பெயருடன் கயிறு இழுப்போராகவும் கரி அள்ளிப் போடுவோராகவும் உழைத்தனர். மேல்தட்டில் நின்று ஆணையிடும் இடம் அவர்களுக்குரியதாக இல்லை.

இந்நிலையை மாற்றக் குரல் கொடுத்தவர்களுள் ஒருவர் தஞ்சைச் சீமையில் பிறந்து சென்னையில் புகழ்பெற்ற சர். பி. எஸ். சிவசாமி ஐயர் ஆவார். கடல்வணிகத்தில் இந்தியர் இடம்பெறவும், அதிகாரிகளாகப் பயிற்சி பெறவும் வழிகாண வேண்டுமென்று 1922ஆம் ஆண்டில் மத்திய சட்டசபையில் அவர் தீர்மானம் கொணர்ந்தார். அதன் பயனாக 1923ஆம் ஆண்டில் ஒரு குழு அமைந்தது. பயிற்சிக் கப்பல் ஒன்று வேண்டுமென்று அக்குழு பரிந்துரைத்தது. 1927ஆம் ஆண்டில், படைவீரரை ஏற்றிச் சென்றுகொண்டிருந்த ‘டப்ரின்’ என்னும் பழங்கப்பல் பம்பாய்த் துறைமுகத்தில் பயிற்சிக் கப்பலாக நங்கூரமிட்டது. இந்திய இளைஞர் கடல் அதிகாரிகளாகும் வழி அங்கே திறந்தது. அங்கும் ஒரு தொல்லை எழுந்தது. பயின்று வெளிவந்த இளைஞரைத் தம் கலங்களில் ஏற்றுக்கொள்ள ஆங்கிலேயக் கம்பெனிகள் தயங்கின. கல்லூரி கிடைத்தது, கப்பல் கிடைப்பது அரிதாயிற்று. இதைக் கேட்கும் பெற்றோர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஏறத்தாழ நூறாண்டு கடந்த பின்னும் இத்தொல்லை வேறு உருவில் நம்மிடையே இருக்கிறது.

அதன்பின் நிகழ்ந்தவற்றை விரைவாகச் சொல்லலாம். நாடு விடுதலை பெற்ற பின் 1949ஆம் ஆண்டில் கப்பற் பொறியியலுக்கென்று கல்கத்தாவிலும் பம்பாயிலும் பயிற்சி தொடங்கியது. டப்ரினுக்குப் பின் 1972ஆம் ஆண்டில் ‘ராஜேந்திரா’ என்ற கப்பல் வந்தது. 1993ஆம் ஆண்டில் அதன் இடத்தை நவி மும்பையில் கரைமேல் கட்டிய ‘சாணக்கியா’ ஏற்றது. சோழ மன்னனை நினைவூட்டும் பெயருக்குப் பின் அமைச்சர் ஒருவரின் பெயர் ஏன் வந்தது என்று நம் நண்பர் ஒருவர் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார். 2008ஆம் ஆண்டில் இவ்வரசுக் கல்லூரிகள் அனைத்தையும் ஒன்றுசேர்த்து இந்தியக் கடல்சார் பல்கலைக் கழகம் அமைந்தது. அதன் தலைமையிடம் சென்னையில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கிறது. சென்னை, கொச்சி, கல்கத்தா, மும்பை, நவி மும்பை, விசாகப்பட்டினம் ஆகிய இடங்களில் அதற்கு வளாகங்கள் உண்டு. இவற்றோடு தனியார் கல்லூரிகள் தொண்ணூறுகளிலிருந்து பெருகின. சென்னைக் கடற்கரையிலும் மகாராட்டிரத்தின் லோனாவாலா, புனே வட்டாரங்களிலும் பல இருக்கின்றன. தமிழகத்தில் கடலையே காணாத ஊர்களில்கூடக் கப்பற் கல்லூரிகள் எழுந்துள்ளன.

இனி நடைமுறைக்கு வருவோம். ‘நேவி’ என்றவுடன் பீரங்கியும் போரும் பலர் நினைவுக்கு வருகின்றன. கடற்படை வேறு, வணிகக் கப்பல் வேறு. கடற்படையில் சேர்பவருக்கு நாடே கல்வி தந்து சம்பளமும் தருகிறது. நாம் பேசுவது எண்ணெயும் இரும்புத் தாதுவும் சரக்குப் பெட்டிகளும் ஏற்றிச் செல்லும் வணிகக் கப்பலைப் பற்றி. அதில் அதிகாரிகள் இருவகைப்படுவர். தளப் பிரிவினர் கப்பலைச் செலுத்துவர், சரக்கைப் பேணுவர். இவர்களே படிப்படியாக உயர்ந்து காப்டன் ஆவர். பொறிப் பிரிவினர் கப்பலின் வயிற்றில் இருக்கும் எஞ்சினை இயக்குவர். இவர்கள் தலைமைப் பொறியாளர் ஆவர். மின்சாரக் கருவிகளைக் காக்க மின்னியல் அதிகாரி ஒருவரும் உண்டு. இவர்களின் கீழ்ப் பணிபுரியும் மாலுமிகளுக்கு ஆறு மாதப் பயிற்சி தனியே நடைபெறுகிறது. பத்தாம் வகுப்போடு நிற்பவருக்கும், தொழிற்பயிற்சி நிலையத்தில் பிட்டர் வேலை கற்றவருக்கும் அது ஒரு வாயில். அதனை இழிவாகக் கருத வேண்டுவதில்லை.

கப்பல் என்ற சொல் பெயரில் இருப்பதாலேயே ஒரு படிப்பு கடலுக்கு அழைத்துச் செல்லும் என்று நம்பிவிடக் கூடாது. துறைமுக மேலாண்மை, கப்பற் சரக்குப் போக்குவரத்து நிர்வாகம் போன்ற பட்டங்கள் கரையில் அலுவலகப் பணிக்கு உரியவை. அவற்றால் எவரும் கப்பல் அதிகாரி ஆக முடியாது. இதை அறியாமல் மூன்றாண்டு படித்து முடித்த பின், ‘இனி எப்போது கப்பல் ஏறுவது?’ என்று கேட்டு வந்த இளைஞரை நாம் கண்டிருக்கிறோம். அதிகாரி ஆவதற்குரிய படிப்புகள் மிகச் சிலவே. தளப் பிரிவிற்கு நாட்டிக்கல் சயன்ஸ் என்னும் ஓராண்டுப் பட்டயம் அல்லது மூவாண்டுப் பட்டம். பொறிப் பிரிவிற்கு மரைன் எஞ்சினீயரிங் நான்காண்டுப் பட்டம், அல்லது மெக்கானிக்கல் எஞ்சினீயரிங் முடித்தவருக்கு ஓராண்டுப் பயிற்சி. கடற்போக்குவரத்துத் தலைமை இயக்ககம் மும்பையில் இருக்கிறது; கல்லூரிக்கும் படிப்பிற்கும் அனுமதி தருவது அதுவே. அதன் பட்டியலில் கல்லூரியின் பெயர் இருப்பது போதாது. நீங்கள் சேரப் போகும் படிப்பின் பெயரும் இருக்க வேண்டும்.

கல்லூரிப் படியை மிதிக்குமுன் கண்ணைச் சோதித்துக்கொள்ள வேண்டும். இரவில் கடலில் ஒரு கப்பலுக்கு இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை விளக்கு. இருளில் வேறு ஒன்றும் தெரியாது. விளக்கின் நிறமே வருகின்ற கப்பலின் திசையைச் சொல்லும். நமக்கு வலப்பக்கத்திலிருந்து குறுக்கே வரும் கலத்தின் சிவப்பு விளக்கு தெரிந்தால் ஒதுங்க வேண்டியவர் நாம். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாதவன் கப்பலைச் செலுத்தினால் என்ன நேரும்? ஆகையால் நிறக்குருடு உள்ளவரைக் கடற்பணிக்குக் கொள்வதில்லை. தளப் பிரிவிற்குக் கண்ணாடியின்றியே தெளிந்த பார்வை வேண்டும். பொறிப் பிரிவிற்கு ஓரளவு வரை கண்ணாடி அணியலாம். நிறக்குறை உள்ள பிள்ளை அதனை அறியாமலே வளர்ந்துவிடுவான். பள்ளியில் எவரும் அதைச் சோதிப்பதில்லை. நாம் அறிந்த ஒரு குடும்பத்தில், நுழைவுத் தேர்வு எழுதித் தேறி, கட்டணத்தின் ஒரு பகுதியையும் செலுத்திய பிறகே மகனுக்கு இக்குறை இருப்பது தெரிந்தது. அந்தத் தாயின் முகத்தை இன்றும் நம்மால் மறக்க இயலவில்லை. இயக்ககம் அங்கீகரித்த மருத்துவரிடம் செய்துகொள்ளும் சோதனைக்கு ஆகும் செலவு கல்லூரிக் கட்டணத்தில் நூற்றில் ஒரு பங்கும் இராது. முதற்செலவு அதுவாக இருக்கட்டும்.

நுழைவுத் தேர்வைக் கடல்சார் பல்கலைக் கழகம் நாடு முழுதுக்கும் பொதுவாக நடத்துகிறது; அதனோடு இணைந்த தனியார் நிறுவனங்களில் சேர்வதற்கும் அத்தேர்வே வாயில். இயற்பியல், வேதியியல், கணிதம் ஆகிய மூன்றிலும் சேர்த்து 60 விழுக்காடும், பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ ஆங்கிலத்தில் 50 விழுக்காடும் பெற்றிருத்தல் வேண்டும். தமிழிலோ கன்னடத்திலோ படித்துவரும் பிள்ளைகள் ஆங்கிலத்தை ஒதுக்கிவிடலாகாது. இது மொழிப்பற்றுக்கு மாறான பேச்சன்று. புயலில் மற்றொரு கப்பலோடு வானொலியில் பேசும்போது பிலிப்பைன்ஸ் நாட்டாரும் உருசியரும் நம்மவரும் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ள இன்று இருக்கும் பொதுமொழி அதுவே.

இப்போது நம் பேச்சின் நடுப்பொருளுக்கு வருகிறோம்.

கப்பற் கல்லூரியின் பட்டம் தனியே நின்றால் அரைப் பாலம். மருத்துவக் கல்லூரியில் படித்தவர் மருத்துவ மனையில் ஹவுஸ் சர்ஜனாகப் பணியாற்றாமல் மருத்துவர் ஆவதில்லை அன்றோ? அதைப் போன்றே, ஓராண்டுப் பட்டயம் பெற்றவர் 18 மாதம், மூவாண்டுப் பட்டம் பெற்றவர் 12 மாதம், மரைன் எஞ்சினீயரிங் முடித்தவர் 6 மாதம் கப்பலில் பணிப்பயிற்சி பெற வேண்டும். அதன் பின்னரே அரசின் தகுதித் தேர்வு எழுதலாம். அதில் தேறிய பின்னரே தளப் பிரிவில் செகண்ட் மேட் என்றும், பொறிப் பிரிவில் நான்காம் வகுப்பு எஞ்சினீயர் என்றும் சான்றிதழ் கிடைக்கும். அச்சான்றிதழே வாழ்வு தருவது. பட்டத்திற்கும் சான்றிதழுக்கும் இடையே இருக்கும் அம்மாதங்களைத் தரவல்லது கப்பல் ஒன்றே; கல்லூரி அன்று.

கப்பலில் பயிற்சி இளைஞருக்கென்று இருக்கும் இடங்களோ குறைவு. ஒரு பெரிய கலத்தில் பணிபுரிவோர் இருபது இருபத்தைந்து பேர். அவருள் கேடட் எனப்படும் பயிற்சி இளைஞர் இருவர் மூவர் இருந்தால் அதிகம். ஆனால் கல்லூரி கட்டுவது எளிது. ஒரு கட்டடமும் ஒரு நீச்சற் குளமும் அனுமதியும் இருந்தால் ஆண்டுதோறும் நூறு பேரைச் சேர்க்கலாம். இதனால் பட்டம் பெற்றும் கப்பல் கிடைக்காமல் ஓராண்டு, ஈராண்டு என்று காத்திருக்கும் இளைஞர் நாட்டில் பலர். காத்திருக்கும் காலத்தில் கற்றது மறக்கிறது. வங்கிக் கடனுக்கு வட்டி ஏறுகிறது. கம்பெனிகளோ அவ்வாண்டு முடித்து வரும் இளையவரையே நாடுகின்றன. இந்த அவலத்தை நாம் இந்நகரிலேயே கண்டிருக்கிறோம். மரைன் எஞ்சினீயரிங் பட்டம் பெற்ற ஒருவர் பகலில் உணவுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்து, இரவில் கப்பல் கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். உழைப்பில் இழிவில்லை, ஆனால் அதற்காகவா அத்தனை இலட்சம் செலவிட்டார்?

எனவேதான் கப்பலை முதலில் தேடுங்கள் என்கிறோம். பெரிய கப்பல் கம்பெனிகள் தாமே மாணவரைத் தேர்ந்தெடுத்து, படிப்பு முடிந்தவுடன் தம் கலத்தில் இடம் தருவதாக எழுத்தில் உறுதி கொடுத்து, அதன் பின் கல்லூரிக்கு அனுப்புகின்றன. இதனை ஸ்பான்சர்ஷிப் என்கின்றனர். சில கம்பெனிகள் தமக்கென்றே கல்லூரி வைத்திருக்கின்றன. அவ்வுறுதிக் கடிதம் கையில் இருந்தால் கல்லூரியின் பெயர் எதுவாயினும் பெரிதும் கவலையில்லை. கடிதம் இல்லையேல், பெயர் எவ்வளவு பெரிதாயினும் எச்சரிக்கை வேண்டும். ‘நூற்றுக்கு நூறு வேலை வாய்ப்பு’ என்ற விளம்பர வரி கடிதமாகாது. ‘உதவி செய்வோம்’ என்ற சொல்லும் கடிதமாகாது. கம்பெனியின் பெயர், கம்பெனியின் கையொப்பம், உங்கள் மகனின் பெயர் மூன்றும் ஒரு தாளில் இருக்க வேண்டும். அத்தாளைக் கல்லூரியின் வழியாக மட்டும் நம்பாமல், கம்பெனிக்கே எழுதி உண்மைதானா என்று கேட்டுக்கொள்வதும் குற்றமன்று.

கல்லூரியைப் பார்வையிடச் செல்லும் பெற்றோர் வரவேற்பு அறையிலேயே அமர்ந்து திரும்பிவிடுகின்றனர். அங்கே அமர்ந்திருப்பவர் இனிமையாகப் பேசுவதற்கென்றே அமர்த்தப்பட்டவர். அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே: சென்ற ஆண்டு முடித்தவர் எத்தனை பேர், அவருள் இன்று கடலில் இருப்பவர் எத்தனை பேர், எந்தக் கம்பெனியில்? விடை மழுப்பலாக வந்தால் அதுவே விடை. பிறகு விடுதிப் பக்கம் நடந்து சென்று இறுதியாண்டு மாணவர் இருவரோடு பேசுங்கள். அரை நாழிகையில் உண்மை வெளிப்பட்டுவிடும். பட்டறைக்குச் செல்லுங்கள். கடைசற் பொறியின்மேல் தூசு படிந்திருக்கிறதா, எண்ணெய் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். எச்.ஏ.எல்., பி.இ.எல். தொழிற்சாலைகளில் வேலை பார்த்த தந்தையருக்கு இதை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. உயிர்காப்புப் படகு உண்மையில் நீரில் இறக்கப்படுகிறதா, வண்ணம் பூசிக் காட்சிக்கு நிற்கிறதா என்பதும் பார்த்த மாத்திரத்தில் விளங்கும். கற்பிப்போருள் கடலில் காப்டனாகவோ தலைமைப் பொறியாளராகவோ இருந்தவர் எத்தனை பேர் என்று கேளுங்கள். ஆய்வுக் குழுவினர் கல்லூரிகளைச் சோதித்துத் தரம் வழங்குகின்றனர். அந்தத் தரத்தையும் கேட்டறியலாம்.

பட்டறைப் பழக்கம் ஏன் இன்றியமையாதது என்பதற்கு ஒன்று சொல்வோம். 2024ஆம் ஆண்டு மார்ச்சு 26ஆம் நாள் அதிகாலையில், அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய ‘டாலி’ என்னும் சரக்குக் கப்பல் மின்சாரம் அற்றுச் செயலிழந்து, ஒரு பெரும் பாலத்தின் தூணில் மோதியது, பாலம் சரிந்தது. கப்பலில் இருந்தோரில் பெரும்பாலோர் நம் இந்திய இளைஞர். கப்பலிலிருந்து அபாயச் செய்தி சென்றதனால் காவலர் பாலத்தின்மேல் வண்டிகளை நிறுத்தினர். பலர் உயிர் தப்பினர். எனினும் பாலத்தில் செப்பனிடும் வேலையில் இருந்த தொழிலாளர் அறுவர் மாண்டனர். மின்பெட்டியில் ஒரு கம்பியின் முனை சரியாகப் பொருந்தாமல் தளர்ந்திருந்ததே தொடக்கக் காரணம் என்று அமெரிக்க விசாரணை 2025ஆம் ஆண்டில் கண்டது. ஒரு கம்பி! புத்தகத்தில் மட்டும் கம்பியைக் கண்டவனுக்கும் கையால் முடுக்கிப் பழகியவனுக்கும் உள்ள வேறுபாடு இத்தகைய இடங்களில்தான் வெளிப்படும்.

எந்தக் கல்லூரி என்ற நேர்க் கேள்விக்கு நம் கருத்தைச் சொல்லாமல் தப்பிக்க விரும்பவில்லை. நுழைவுத் தேர்வில் நல்ல இடம் பெற்ற பிள்ளை கடல்சார் பல்கலைக் கழகத்தின் சொந்த வளாகம் ஒன்றில் சேரட்டும். கம்பெனிகள் ஆள் தேடி முதலில் வருவன அங்கேதான், கட்டணமும் தாங்கக் கூடியது. அது வாய்க்காவிடின், கம்பெனி உறுதிக் கடிதத்தோடு அதன் கல்லூரியில் சேரட்டும். இரண்டும் வாய்க்காதபோது கடிதமில்லாத தனியார் கல்லூரியில் நான்காண்டுகளுக்குப் பணத்தைக் கொட்டுவதைக் காட்டிலும், நம் பெங்களூரிலேயே நல்லதொரு பொறியியற் கல்லூரியில் மெக்கானிக்கல் படிப்பது அறிவுடைமை. பட்டம் பெற்ற பின்னும் கடல் ஆசை மாறாதிருந்தால் ஓராண்டுப் பயிற்சியில் சேர்ந்து கப்பலேறலாம். மின்னியல் படித்தவருக்கும் அதைப் போன்றே சில மாதப் பயிற்சி உண்டு. வயது வரம்பை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆசை மாறிவிட்டாலும் இழப்பில்லை. கையில் கரைக்குரிய பட்டம் இருக்கும். இந்நகரில் அப்பட்டத்திற்கு வேலை இல்லாமற் போகாது.

தரகரைப் பற்றி ஒரு சொல். பணம் கொடுத்தால் கப்பல் ஏற்றிவிடுகிறேன் என்று சொல்பவர் எவராயினும் அவர் சொல்வது சட்டத்திற்குப் புறம்பானது. கடலோடியை வேலைக்கு அனுப்ப அரசின் உரிமம் பெற்ற நிறுவனத்திற்கே உரிமை உண்டு. வேலை தேடித் தருவதற்காகக் கடலோடியிடம் பணம் பெறலாகாது என்று 2006ஆம் ஆண்டின் கடற்பணியாளர் உடன்படிக்கையும் கூறுகிறது. இந்தியா அதனை 2015ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. உரிமம் இல்லாதவர் வழியாக ஏதோ ஒரு வளைகுடாத் துறைமுகத்தில் பழங்கலம் ஒன்றில் ஏறியவர்கள் சம்பளமும் குடிநீரும் இன்றிக் கைவிடப்பட்டதாகச் செய்தித்தாள்களில் அடிக்கடி படிக்கிறோம். அக்கலங்களில் செய்த பணி சில வேளைகளில் தகுதித் தேர்வுக்குக் கணக்கிலும் வருவதில்லை. இலட்சங்களைக் கொடுத்து அடிமைத்தனத்தை விலைக்கு வாங்குவதற்கு ஒப்பானது இது.

சம்பளத்தைப் பற்றிக் கேட்காத பெற்றோர் இல்லை. நல்ல சம்பளந்தான். ஆயினும் பெரும்பாலான கம்பெனிகளில் கப்பலில் இருக்கும் மாதங்களுக்கே ஊதியம். வீட்டில் இருக்கும் மாதங்களுக்கு இல்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். தங்கையின் திருமணத்திற்கோ தந்தையின் இறுதிச் சடங்கிற்கோ நினைத்தபோது வந்து சேர முடியாது. 2020ஆம் ஆண்டில் கொள்ளை நோய் பரவியபோது, ஒப்பந்தக் காலம் முடிந்தும் கரையிறங்க முடியாமல் உலகெங்கும் ஏறத்தாழ 4 இலட்சம் கடலோடிகள் கப்பல்களிலேயே தவித்தனர். பையனிடம் இவற்றை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கேட்ட பிறகும் ‘போகிறேன்’ என்பவனே போகத்தக்கவன்.

மகன் மகன் என்றே பேசிவந்தோம். மகளிர் மன்னிக்க வேண்டும். மகளுக்கும் இவை யாவும் பொருந்தும். சோனாலி பானர்ஜி என்னும் வங்கப் பெண்மணி 1999ஆம் ஆண்டில் கல்கத்தாவில் பயின்று இந்தியாவின் முதற் பெண் கப்பற் பொறியாளர் ஆனார். நம் அண்டை மாநிலமான கேரளத்தில் பிறந்த ராதிகா மேனன் எண்ணெய்க் கப்பலின் காப்டனாக உயர்ந்தார். 2015ஆம் ஆண்டு ஜூன் மாதம் வங்கக் கடலில் கொந்தளிப்பின் நடுவே படகிழந்து தவித்த மீனவர் எழுவரை அவர் மீட்டார். அதற்காக 2016ஆம் ஆண்டில் உலகக் கடல்சார் அமைப்பு வீர விருது வழங்கியது. பெண்களுக்கு வயது வரம்பில் ஈராண்டுச் சலுகையும் உண்டு. மகளைச் சேர்க்கும் பெற்றோர், கம்பெனி தன் கலங்களில் இதுவரை எத்தனை பெண்களை ஏற்றியிருக்கிறது என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ‘இனிமேல் ஏற்றுவோம்’ என்பவரைவிட, ‘இன்று எட்டுப் பேர் கடலில் இருக்கின்றனர்’ என்பவரை நம்பலாம்.

இறுதியாகத் தமிழருக்கென்றே உள்ள ஒரு சிக்கல். நம் பெயருக்கு முன்னால் நிற்கும் தலைப்பெழுத்துத் தொல்லை சிறிதன்று. பள்ளிச் சான்றிதழில் ‘கு. முருகன்’ என்றிருக்கும், ஆதாரில் ‘முருகன் குப்புசாமி’ என்றிருக்கும், கடவுச்சீட்டில் ‘குப்புசாமி முருகன்’ என்று மாறியிருக்கும். கடலோடிக்கு அரசு தரும் இந்தோஸ் எண்ணும், சி.டி.சி. எனப்படும் கடலோடி ஏடும் இப்பெயர்கள் ஒத்திருந்தால்தான் தடையின்றி வரும். இடம் கிடைத்தும் பெயர்த் திருத்தத்திற்காக அலைந்து கப்பலைத் தவறவிட்டவர் உண்டு. பதினொன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் நாளையே அத்தாள்களை எடுத்து ஒன்றாக வைத்துப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் இப்போதே திருத்த விண்ணப்பியுங்கள். அதற்குரிய படிவங்களை நிரப்ப உதவி வேண்டுவோர், விழா முடிந்த பின் நூலக அறைக்கு வந்தால் இன்றே அமர்ந்து நிரப்பித் தருகிறோம்.